கிராஃப்டன் சாக்சபோன்

கிராஃப்டன்: அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட உடலும் பித்தளை விசைகளும் கொண்ட ஆல்டோ சாக்சபோன். 1950இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நிறம் தந்த வெண்மை. மலிவு விலையில் மாணவர்களும் தொழில்முறை வாத்தியக்காரர்களும் வாங்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட இக்கருவி வணிகத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் ஜாஸ் இசையின் இரு பெருங்கலைஞர்கள் அதை வாசித்தார்கள். அவர்களில் ஒருவர் தம் இசை மொழியின் முக்கியமான ஆண்டுகளை அதோடுதான் கடந்தார்.

தோற்றம். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து சாக்சபோனின் உடல் பித்தளையாகவே இருந்துவந்தது. ஒலி பிறப்பது ஊதுவாயில் கட்டிய ஒற்றைச் சீவாளியிலும் குழாய்க்குள் அதிரும் காற்றிலும்தான். அப்படியானால் குழாய் பித்தளையாகத்தான் இருக்க வேண்டுமா என்பது அப்போதே நியாயமான கேள்வி. லண்டனில் வாழ்ந்த இத்தாலியர் எட்டோரே சொம்மாருகா (ஹெக்டர் என்று அறியப்பட்டவர்) அதைச் செய்து பார்க்கத் துணிந்தார். போர்க்காலத்தில் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்குப் பயன்பட்ட அக்ரிலிக், போர் முடிந்ததும் வேறு வேலைகளுக்குக் கிடைக்கலாயிற்று. சொம்மாருகா 1945இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு காட்டப்பட்ட முதல் மாதிரி வாசிக்கத்தக்கதாக இல்லை என்று கூறப்படுகிறது. மாதிரியிலிருந்து விற்பனைக்கு வர மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. கருவியின் பெயர் லண்டனின் கிராஃப்டன் வே என்ற தெருவிலிருந்து வந்தது. தயாரித்து விற்ற நிறுவனம் ஜான் இ. டாலஸ் அண்ட் சன்ஸ்.

அமைப்பு. வழக்கமான சாக்சபோனில் விசைத் தண்டுகளைத் தாங்கும் சிறு தூண்களைக் குழாயின்மீதே பற்றவைத்துவிடுவார்கள். விசைகளைத் திருப்பி எழுப்புவது ஊசி போன்ற மெல்லிய ஸ்பிரிங்குகள். அக்ரிலிக்கில் பற்றவைக்க இயலாது. ஆகவே பொறியமைப்பு முழுவதையும் சொம்மாருகா புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. ஊசி ஸ்பிரிங்குகளுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங்குகளை அமைத்தார். மலிவான கருவி என்பதால் அலட்சியமாகச் செய்யப்பட்டது என்ற எண்ணம் எழலாம். விசைத் தொகுதியைக் கவனித்துப் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விரலுக்கு அதன் தொடுகை சற்று மெத்தென்றிருந்தது. பித்தளைக் கருவியில் பழகியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

விற்பனைக்கு வந்தபோது விலை 55 பவுண்டு, அதாவது பித்தளைக் கருவியின் விலையில் ஏறத்தாழப் பாதி. பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர் ஜான் டாங்க்வொர்த் தொடக்கத்தில் இதை வாசித்து ஆதரவளித்தார். தயாரான எண்ணிக்கை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. வரிசை எண்கள் பத்தாயிரத்துக்கு மேல் செல்வதைக் கொண்டு அத்தனை கருவிகள் வெளிவந்ததாகக் கருதிவிடலாகாது. சில ஆயிரம் என்பதே பொதுவான மதிப்பீடு. டெனார் வகைக்கும் மாதிரி செய்யப்பட்டது என்பர். விற்பனைக்கு வந்தது ஆல்டோ மட்டுமே.

டொரன்டோ, 1953. கிராஃப்டனின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவான இரவு 1953 மே 15. டொரன்டோவின் மாசி ஹாலில் ஜாஸ் கலைஞர்கள் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் ஐவரும் ஒரே மேடையில் வாசித்தனர். பார்க்கரின் கையில் இருந்தது கிராஃப்டன். அது எப்படி அவரிடம் வந்தது என்பதற்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத விளக்கங்கள் உண்டு. சொந்தக் கருவியை அடகு வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார், உள்ளூர் இசைக்கடையில் இரவல் வாங்கினார் என்பது ஒன்று. விற்பனையாளர்கள் முன்னரே கொடுத்திருந்தனர், அமெரிக்காவில் வேறு நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தம் வெளிநாட்டு மேடைகளைக் கட்டுப்படுத்தவில்லை என்பது மற்றொன்று. இரண்டில் எதையும் இங்கே முடிவாகக் கொள்வதற்கில்லை.

அன்றிரவே சிகாகோவில் ராக்கி மார்சியானோவும் ஜெர்சி ஜோ வால்காட்டும் மோதிய உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை நடந்தது. அரங்கம் நிறையாததற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சண்டை முதல் சுற்றிலேயே முடிந்துபோனது, இசை நிலைத்து நிற்கிறது. பதிவை மிங்கஸும் ரோச்சும் நடத்திய டெபியூ நிறுவனம் வெளியிட்டது. இசைப்பதிவு ஒப்பந்தத் தடை காரணமாக உறையில் பார்க்கரின் பெயர் ‘சார்லி சான்’ என்று அச்சாகியது. பெயரை மறைத்தார்கள், ஊதலை மறைக்க முடியவில்லை. அதைக் கேட்பவர் எவருக்கும் கருவி பிளாஸ்டிக் என்பது முன்கூட்டிச் சொல்லாமல் தோன்றப்போவதில்லை.

பார்க்கர் 1955 மார்ச்சில் தம் 34ஆம் வயதில் இறந்தார். வரிசை எண் 10265 கொண்ட அவரது கிராஃப்டன் 1994 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. அவர் வளர்ந்த கான்சாஸ் சிட்டியின் சார்பில் 93,500 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. முதலில் விற்ற விலையைப் போல 1,700 மடங்கு. இன்று அந்நகரின் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆர்னெட் கோல்மன். பார்க்கருக்குக் கிராஃப்டன் இடையில் வந்த கருவி. கோல்மனுக்கு அப்படியல்ல. 1954இல் லாஸ் ஏஞ்சலஸில், பித்தளைக் கருவி வாங்கப் பணமில்லாத நிலையில் இதை வாங்கினார். முதலில் பிடிக்கவில்லை என்றும், பிறகு அதன் வறண்ட, நேரடியான ஒலியை விரும்பத் தொடங்கினார் என்றும் பேட்டிகளிலிருந்து தெரிகிறது. 1959இல் வெளிவந்த ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ இசைத்தட்டின் உறையில் இக்கருவியை அணைத்தபடி இருப்பவர் அவரே. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் அரங்கில் தம் நால்வர் குழுவுடன் வாசிக்கத் தொடங்கியபோது ஜாஸ் உலகம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ஏளனம் செய்தவர்கள் இசையோடு சேர்த்து வெள்ளை பிளாஸ்டிக்கையும் ஏளனம் செய்தனர். கோல்மனின் வாசிப்பில் கேட்கும் அழுகை போன்ற வளைவுகளில் கருவியின் பங்கு எவ்வளவு, வாசித்தவரின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பின்னாளில் உலோகக் கருவிக்கு மாறியபோதும் வெண்ணிறப் பூச்சுள்ளதையே அவர் தேர்ந்தெடுத்தார்.

மறைவு. அக்ரிலிக் எளிதில் உடையும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். கிராஃப்டன் விரிசல் விட்டது. சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாற்று கிடைப்பது அரிது, பழுதுபார்ப்பவர்கள் தயங்கினர். இதற்கிடையே சந்தையும் திரும்பியது: 1960களில் இளைஞர்கள் கேட்டது கிட்டார். டாலஸ் நிறுவனமே ‘ரேஞ்ச்மாஸ்டர்’ எனும் கிட்டார் ஒலிபெருக்கத் துணைக்கருவியால் அப்பதிற்றாண்டில் பெயர் பெற்றது. கிராஃப்டன் தயாரிப்பு எந்த ஆண்டில் நின்றது என்பதில் குறிப்புகள் மாறுபடுகின்றன. அச்சுகளும் தயாரிப்புக் கருவிகளும் 1968 வாக்கில் கழிவாகப் போயின என்பது பரவலாகக் காணப்படும் செய்தி.

பிற்காலம். 2010 வாக்கில் தாய்லாந்தில் ‘வைப்ராட்டோ’ என்ற பெயரில் பாலிகார்பனேட் சாக்சபோன் தயாராகிச் சந்தைக்கு வந்தது. எஞ்சியுள்ள கிராஃப்டன்களைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். வாசிக்கும் நிலையில் உள்ளவை குறைவு, உடைந்தவற்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டே மற்றவை சரிசெய்யப்படுகின்றன.