ஃப்ளோரன்டைன் என்னும் மஞ்சள் வைரம்

வைரம் என்றால் தெளிந்த வெண்ணிறக் கல்லையே நாம் எண்ணுகிறோம். சிறிது மஞ்சள் தட்டினாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆயினும் அத்தகைய கல் ஒன்று ஐரோப்பாவின் இரண்டு அரச குலங்களை மயக்கியது. ஃப்ளோரன்டைன் என்பது அதன் பெயர். எடை 137 காரட்டுக்குச் சற்று மேல்.

கி.பி. 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் மிகப் பெரும்பாலானவை பாரத நாட்டினவே. இக்கல்லும் இங்கிருந்தே சென்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஹைதராபாத்தில் வாழும் நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் உறவினருக்குக் கோல்கொண்டாக் கோட்டையைக் காட்டி, வைரம் விளைந்த இடம் இதுதான் என்று சொல்வதுண்டு. உண்மையில் கோட்டை நகரம் வாணிபக் களமே. சுரங்கங்கள் தொலைவில், கிருஷ்ணா நதிக்கரையில், கொல்லூர் முதலிய இடங்களில் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வந்த தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர், கொல்லூரில் அறுபதினாயிரம் பேர் உழைத்ததாக எழுதியிருக்கிறார். ஆடவர் மண்ணைத் தோண்டினர். பெண்டிரும் சிறுவரும் சுமந்தனர்.

இதே தவேர்னியே, இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிசி குலத்தாரிடம் நம் மஞ்சள் வைரத்தையும் கண்டார். அதன் ஒளி எலுமிச்சை நிறத்தின் பக்கம் சாய்கிறதே என்பதுதான் அவருக்கு இருந்த குறை! வைரத்தினுள் சிறிதளவு நைட்ரஜன் கலந்திருப்பதே பெரும்பாலும் இந்நிறத்திற்குக் காரணம் என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. போர்க்களத்தில் இதைக் கண்டெடுத்த சிப்பாய் ஒருவன், கண்ணாடித் துண்டு என்றெண்ணி அற்ப விலைக்கு விற்றான் என்றொரு கதையும் உண்டு. கதை சுவையானது, சான்றுதான் இல்லை.

1737-இல் மெடிசி ஆட்சி முடிவுற்றது. அவர்களுடைய டஸ்கனி நாடு, ஆஸ்திரிய இளவரசி மரியா தெரேசாவின் கணவர் ஃபிரான்சிஸின் கைக்கு வந்தது. வைரம் வியன்னா சென்று ஹாப்ஸ்பர்க் குலச்சொத்தாயிற்று. 1918-இல் அந்தப் பேரரசு சரிந்தபோது, கடைசி மன்னர் கார்ல் நகைகளைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அதன்பின் கல் உலகத்தார் கண்ணில் படவில்லை. திருடு போயிற்று என்றனர் சிலர். துண்டுகளாக அறுத்து விற்கப்பட்டது என்றனர் வேறு சிலர்.

2025 நவம்பரில்தான் உண்மை வெளிவந்தது. கார்லின் மனைவி ஜீட்டா, 1940-இல் ஹிட்லரின் படைகளுக்குத் தப்பி அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, வைரமும் உடன் சென்றிருக்கிறது. கனடாவில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் அதை வைத்த அந்த அம்மையார், கணவர் இறந்த 1922-லிருந்து நூறாண்டு வரை இதை வெளியிடலாகாது என்று புதல்வர் இருவரிடம் கூறியிருந்தாராம். கணவரை இழந்து, நாட்டையும் இழந்து, அயலார் ஆதரவில் குழந்தைகளை வளர்த்த நாட்களிலும் அதை அவர் விற்கவில்லை. மஞ்சள் தட்டிய கல்லுக்கு இத்தனை பற்று!

விற்கும் எண்ணம் இல்லை, கனடாவில் காட்சிக்கு வைக்க விரும்புகிறோம் என்று அக்குடும்பத்தார் அறிவித்துள்ளனர். கொல்லூர்ச் சுரங்கம் இருந்த நிலமோ, புலிச்சிந்தலா அணையின் நீர்ப்பரப்பில் இன்று மூழ்கிக் கிடக்கிறது.