இத்ரிட்சா ஆறு சுமக்கும் பாதரசம்

ஸ்லோவேனியாவின் மேற்கே மலைகளுக்கு நடுவே இருக்கிறது இத்ரியா என்ற சிற்றூர். 1490-இல் மரத்தொட்டி செய்யும் தொழிலாளி ஒருவர் புதுத் தொட்டியை ஓடையில் ஊறவைத்துவிட்டு எடுக்கப் போனாராம். தூக்க முடியாத கனம். அடியில் பளபளவென்று ஏதோ உருண்டு ஓடிற்று. பொற்கொல்லர் ஒருவரிடம் காட்டிய பிறகுதான் அது பாதரசம் என்று தெரிந்தது என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, அங்கே தொடங்கிய சுரங்கம் ஐந்நூறு ஆண்டுகள் நடந்தது. ஸ்பெயினின் அல்மடேனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய பாதரசச் சுரங்கம் இதுதான்.

அந்நாளில் பாதரசத்துக்கு அத்தனை கிராக்கி வரக் காரணம் வெள்ளி. பொடித்த வெள்ளித் தாதுவில் பாதரசத்தைக் கலந்தால் அது வெள்ளியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிவிடும், வெள்ளி மிஞ்சும். இத்ரியாவின் சரக்கு கடல் கடந்து மெக்சிகோ வரை போனது. அந்த ஊரை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசின் கஜானா நிறைந்தது.

பாதரசத்தின் தாது சாதிலிங்கம். சித்த மருத்துவம் அறிந்த வீடுகளில் பழகிய பெயர்தான். கந்தகமும் பாதரசமும் கூடிய இந்தச் சிவப்புக் கல்லைச் சுட்டால் பாதரசம் ஆவியாகப் பிரியும். அதைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். முதல் நூற்றைம்பது ஆண்டுகள் இந்த வேலை ஊரைச் சுற்றிய காடுகளில், மண்பானைகளில் நடந்தது. பானையில் விரிசல் விட்டால் பாதரசம் மண்ணுக்குள் இறங்கும். அந்த இடங்களில் இன்றும் மண்ணைத் தோண்டினால் உடைந்த ஓடுகள் கிடைக்கின்றன, மண்ணிலும் பாதரசம் மிகுதியாக இருக்கிறது. பின்னாளில் உலைகள் ஊருக்குள் ஆற்றோரமாக வந்தன. சுட்டு முடிந்த கசடை என்ன செய்வது? இத்ரிட்சா ஆற்றில் கொட்டினார்கள். வெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போனது. கண்ணுக்கு மறைந்ததும் கவலையும் விட்டது; இந்தக் கதையில் மிகப் பெரிய பிழை அதுவே.

தொழிலாளர்களின் உடம்போ அப்போதே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1754-இல் சுரங்கத்துக்கு மருத்துவராக வந்த ஜொவானி ஸ்கோப்போலி கை நடுங்குவதையும் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதையும் கண்டார். பாதரச நஞ்சைப் பற்றி 1761-இல் ஒரு நூலே எழுதினார். அவர் பெயர் தாங்கிய ஸ்கோப்போலியா செடியிலிருந்துதான் ஸ்கோப்போலமின் என்ற மருந்துக்குப் பெயர் வந்தது. சுரங்கக் கூலி பற்றாத வீடுகளில் பெண்கள் நூல்பின்னல் லேஸ் செய்து விற்றார்கள். அதைக் கற்பிக்க 1876-இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விலை விழுந்தது. பாதரசத்தின் நஞ்சு உலகறிந்த செய்தி ஆயிற்று. சுரங்கம் மூடப்பட்டது. மொத்தம் எடுத்த பாதரசம் ஏறத்தாழ 1,07,000 டன். தாதுவோடு வெளியே வந்ததில் ஏறக்குறைய கால்பங்கு கைக்கு எட்டாமல் காற்றிலும் மண்ணிலும் நீரிலும் கலந்துவிட்டது. 2012-இல் அல்மடேனோடு இத்ரியாவையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1500-இல் வெட்டத் தொடங்கிய அந்தோணியார் சுரங்கவழிக்குள் சுற்றுலாப் பயணிகள் தலைக்கவசம் மாட்டி இறங்குகிறார்கள். அவர்கள் இத்ரிட்சா ஆற்றங்கரைக்கும் நடந்து போக வேண்டும்.

இத்ரிட்சா சோச்சா ஆற்றில் கலக்கிறது. சோச்சா இத்தாலிக்குள் இசோன்சோ என்று பெயர் மாறி, திரியெஸ்தே வளைகுடாவில் சேர்கிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த பாதரசத்தைக் கடலடி வண்டலில் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசம் என்ற நச்சு வடிவமாக மாற்றுகின்றன. சின்னஞ்சிறு உயிர்களிடமிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் ஏற ஏற அதன் செறிவு கூடும். ஆற்றங்கரைகளில் படிந்த பழைய கசடு அப்படியே கிடக்கிறது. சுரங்கத்தின் வேலை நின்று ஒரு தலைமுறை ஆன பிறகும், ஒவ்வொரு பெருவெள்ளமும் அதை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது.