வெள்ளை வேலிகளின் விலை

1992 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்தை ஒட்டியிருக்கும் கேலுமெட் குதிரைப் பண்ணை ஏலத்துக்கு வந்தது. எழுநூற்றுச் சொச்சம் ஏக்கர் மேய்ச்சல் நிலம், வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓரமும் வைத்த லாயங்கள், செத்துப்போன குதிரைகளுக்கென்று ஒரு இடுகாடு, எல்லாம் சேர்த்து 1 கோடியே 70 லட்சம் டாலருக்குப் போனது. 'கேலுமெட்' என்ற பெயரைத் தனியாக ஏலம் விட்டார்கள். அது 2,10,000 டாலர். அந்தப் பண்ணையின் ஜாக்கிகள் அறுபது வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்த சிவப்பு நீலச் சட்டையின் உரிமை வேறொருவர் கைக்குப் போயிற்று. குதிரைகள் அதற்கு முன்பே ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிட்டிருந்தன.

நிலத்துக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை, சட்டைக்கு ஒரு விலை, குதிரைக்கு ஒரு விலை. இதில் எதை வாங்கியவன் கேலுமெட்டை வாங்கியவன்? இந்த ஒரு கேள்விதான் என்னை அந்தப் பண்ணையின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. எனக்குக் குதிரைமேல் தனியாக மோகம் எதுவும் கிடையாது. மெரினாவில் ஒரு தடவை ஏறியதோடு சரி.

கதை பேக்கிங் பவுடரில் ஆரம்பிக்கிறது. வில்லியம் மன்றோ ரைட் என்பவர் சிகாகோவில் 'கேலுமெட்' என்ற பெயரில் பேக்கிங் பவுடர் தயாரித்துப் பணக்காரரானவர். 1924இல் கென்டக்கியில் நிலம் வாங்கிப் பண்ணை போட்டார். அவருக்குப் பிடித்தவை வண்டி இழுத்தபடி ஓடும் பந்தயக் குதிரைகள். நம்மூர் ரேக்ளாவைக் கொஞ்சம் நாசூக்காகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கம்பெனியை 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குச் சற்று முன்னால் விற்றுவிட்டார்கள். நல்ல நேரத்தில் கையில் காசு. 1931இல் அந்த வகைப் பந்தயங்களில் பெரியதான ஹாம்பிள்டோனியனை ரைட்டின் குதிரை ஜெயித்தது. கிழவர் அப்போது நினைவில்லாமல் படுத்திருந்தார். ஜெயித்தது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஏன் கென்டக்கி என்று கேட்டால், புல் என்பார்கள். அந்த வட்டாரத்துக்கே 'நீலப்புல் நாடு' என்றுதான் பெயர், புல் என்னவோ பச்சையாகத்தான் இருக்கிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி வரும் தண்ணீரிலும் புல்லிலும் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறுகின்றன, அது குட்டிகளின் எலும்புக்குப் போகிறது. ஐநூறு கிலோ உடம்பைப் பென்சில் மாதிரி கால்களில் வைத்துக்கொண்டு ஓடும் பிராணிக்கு எலும்புதான் ஆஸ்தி. நிலம் வாங்குகிறவன் அங்கே மண்ணுக்குக் கீழே இருக்கும் பாறையையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறான்.

மகன் வாரன் ரைட் அப்பாவின் வண்டிக் குதிரைகளை விட்டுவிட்டு, 1932இலிருந்து தரோபிரெட் என்ற உயர்சாதிப் பந்தயக் குதிரைகளுக்கு மாறினார். கணக்குப் பார்க்கிற ஆள். ஆனால் அவருக்கு அடித்த யோகம் எந்தக் கணக்கிலும் வராதது. 1936இல் ஏலத்தில் 14,000 டாலருக்கு ஒரு வயதுக் குட்டி ஒன்றை வாங்கினார். பெயர் புல் லீ. ஓட்டத்தில் சுமார்தான். பொலிகுதிரையாக லாயத்துக்குத் திரும்பியபின் அது பெற்ற பிள்ளைகள் நாட்டையே கலக்கின. 1941இல் வர்லவே (இது வேறொரு தகப்பனுக்குப் பிறந்தது), 1948இல் புல் லீயின் மகன் சைடேஷன், இரண்டுமே கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயித்து 'டிரிபிள் கிரவுன்' வாங்கின. சைடேஷன் அந்த ஒரு வருடத்தில் ஓடிய 20 பந்தயங்களில் 19ஐ ஜெயித்தது.

சைடேஷன் பத்து லட்சம் டாலர் சம்பாதிக்கும்வரை ஓட வேண்டும் என்பது வாரன் ரைட்டின் ஆசை. 1950 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவருடைய மனைவி லூசில் அந்தக் குதிரையை, கால் நொந்துபோயிருந்த நிலையிலும், தொடர்ந்து ஓடவிட்டார். 1951 ஜூலையில் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. பந்தய உலகில் அந்தத் தொகையை எட்டிய முதல் குதிரை அது. உடனே ஓய்வு. இதைப் பாசம் என்பதா, பிடிவாதம் என்பதா? குதிரையைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்லியிருக்கும்.

லூசில் 1982 வரை இருந்தார். 1978இல் அவரிடம் அலிடார் என்றொரு குதிரை. டிரிபிள் கிரவுனின் மூன்று பந்தயங்களிலும் அஃபர்ம்டு என்ற குதிரைக்கு அடுத்து இரண்டாவதாக வந்த பரிதாபப் பிறவி. அந்த வருடம் பக்கத்திலிருக்கும் கீன்லாந்து மைதானத்தில் ஒரு பந்தயத்தைப் பார்க்க, தள்ளாத வயதில், காரில் வேலியோரம் வரை வந்தார் லூசில். ஜாக்கி அலிடாரை அவர் அருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் பிறகு ஓடப்போனார். நான் படித்ததில் மனத்தில் நின்ற காட்சி இது. லூசில் கண்ணை மூடியபோது பண்ணைமேல் ஒரு பைசா கடன் கிடையாது.

அடுத்த ஒன்பது வருடத்தில் கடன் 10 கோடி டாலரைத் தாண்டியது.

நடந்தது என்ன என்று புரிய, பொலிகுதிரை வியாபாரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தரோபிரெட் இனத்துக்குச் செயற்கைக் கருவூட்டல் கூடாது என்பது ஜாக்கி கிளப்பின் விதி. பெட்டைக் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பொலிகுதிரையோடு சேர்த்தே ஆக வேண்டும். அதனால் ஒரு சீசனுக்கு இத்தனை என்று கணக்கு. அலிடார் மைதானத்தில் தோற்றாலும் லாயத்தில் ராஜா. அதன் மகன் அலிஷீபா 1987 டெர்பியை ஜெயித்தது. ஒரு தடவை சேர்ப்பதற்கான கட்டணம் உச்சத்தில் இரண்டரை லட்சம் டாலர் வரை போனது. அந்த ஒரு உடம்பை நம்பித்தான் மொத்தப் பண்ணையும்.

குடும்பத்தார் நிர்வாகத்தை ஜே.டி. லண்டி என்பவரிடம் விட்டார்கள். ரைட்டின் பேத்தியைக் கட்டியவர், உள்ளூர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவர் செய்த காரியங்களில் முக்கியமானது, அலிடாரிடம் 'வாழ்நாள் உரிமை' விற்றது. 25 லட்சம் டாலர் கொடுத்தால், குதிரை இருக்கும்வரை வருடா வருடம் ஒரு பெட்டையை இலவசமாகக் கொண்டுவரலாம். இன்றைக்குக் கை நிறையப் பணம். ஆனால் நாளைய வரும்படி இன்றைக்கே தீர்ந்துபோகிறது. கிராமத்தில் இதற்கு விதைநெல்லைக் குத்தித் தின்பது என்று பேர்.

லண்டியை மட்டும் திட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. அந்தக் காலமே அப்படி. எண்ணெய்க் காசு வைத்திருந்த அரபு ஷேக்குகளும் ஐரோப்பியப் பணக்காரர்களும் கீன்லாந்தில் போட்டி போட்டு ஏலம் கேட்டார்கள். 1983இல் ஸ்னாஃபி டான்சர் என்ற ஒரு வயதுக் குட்டி 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. அது கடைசிவரை ஒரு பந்தயம்கூட ஓடவில்லை, பொலிகுதிரையாகவும் தேறவில்லை. 1985இல் இன்னொரு குட்டி 1 கோடியே 31 லட்சம். டாக்டர்களும் வக்கீல்களும் குதிரையில் பங்கு வாங்கி, அதில் வந்த நஷ்டத்தை வருமான வரியில் கழித்துக்கொண்டிருந்தார்கள். 1986இல் வரிச் சட்டம் மாறியது. சொந்தமாகப் பாடுபடாமல் பணம் மட்டும் போட்டவர்கள் அந்த நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்கும் வழி அடைபட்டது. டாக்டர்கள் கழன்றுகொண்டார்கள். விலை சரிந்தது. பங்குச் சந்தை வரைக்கும் போன ஸ்பெண்ட்திரிஃப்ட் என்ற பக்கத்துப் பெரும்பண்ணை மஞ்சள் கடிதாசி கொடுத்தது. கேலுமெட் மட்டும் கடன்மேல் கடன் வாங்கி வெள்ளைச் சாயம் அடித்துக்கொண்டே இருந்தது.

சாயம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் பலகை வேலிக்கு வெள்ளை அடிப்பது பெரிய செலவு. சீக்கிரம் அழுக்காகும், உரியும். அதனால் பல பண்ணைகள் மலிவாகக் கிடைக்கும், அதிக நாள் தாங்கும் கறுப்புச் சாயத்துக்கு மாறிவிட்டன. வெள்ளை வேலி என்றால் 'எங்களிடம் இன்னும் காசு இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்வது.

1990 நவம்பர் 13 இரவு, அலிடார் தன் லாயத்தில் பின்னங்கால் எலும்பு முறிந்து நிற்பதைப் பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது. மறுபடியும் கால் உடைந்தது. 15ஆம் தேதி ஊசி போட்டு விடைகொடுத்தார்கள். அதன்மேல் இருந்த காப்பீடு 3 கோடியே 65 லட்சம் டாலர். 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவோம். கடனில் மூழ்கிய பண்ணையில் அந்தப் பழமொழி வேறு மாதிரி காதில் விழுகிறது. சந்தேகங்கள் வந்தன, பல வருடம் கழித்து அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் அதை எழுப்பியது. ஆனால் குதிரையைக் கொன்றதாக யார்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. லண்டிக்கு 2000இல் நாலரை வருடத் தண்டனை கிடைத்தது. அது வங்கி மோசடிக்காகவும், ஹூஸ்டன் வங்கி அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் கொடுத்ததற்காகவும்.

காப்பீட்டுப் பணம் கடன்காரர்களுக்கே பற்றவில்லை. 1991 ஜூலையில் திவால். அதற்கு இரண்டு மாதம் முன்னால் டெர்பியை ஜெயித்த ஸ்டிரைக் த கோல்டு, கேலுமெட்டில் பிறந்த அலிடாரின் மகன். அதை எப்போதோ விற்றுவிட்டிருந்தார்கள்.

ஆக, 1992 ஏலத்துக்கு வருகிறோம். ஊருக்கெல்லாம் ஒரே பயம்: யாராவது ரியல் எஸ்டேட்காரன் எடுத்துக் கூறு போட்டுவிடுவானோ? பண்ணைக்குப் பக்கத்திலேயே விமான நிலையம், நெடுஞ்சாலை. எடுத்தவர் ஹென்ரிக் டி குவியட்கோவ்ஸ்கி. போலந்தில் பிறந்தவர், விமானங்களை வாங்கி விற்கும் தரகர், ஏற்கெனவே நல்ல குதிரைகளை வைத்திருந்தவர். ஒரு புல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. வேலிகள் வெள்ளையாகவே நின்றன.

இது நல்ல வியாபாரமா? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் 2003இல் இறந்தார். அவருடைய அறக்கட்டளை 2012இல் பண்ணையை 3 கோடியே 60 லட்சத்துக்கு விற்றது. இருபது வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. கூட்டு வட்டியில் பார்த்தால் வருடத்துக்கு நாலு சதவீதம்கூட இல்லை. 1992இல் அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரமே 7 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. இதில் வேலிக்குச் சாயம், ஆள் கூலி, வைக்கோல், வைத்தியர், லாடம் எதையும் கழிக்கவில்லை. கழித்தால் மனசு கஷ்டப்படும்.

சின்சினாட்டியில் வேலை பார்த்த நாட்களில் ஒரு சனிக்கிழமை நண்பனோடு அந்தப் பக்கம் போயிருக்கிறேன். லெக்சிங்டனிலிருந்து மேற்கே போகும் வெர்சாய் சாலை. உள்ளூரில் 'வெர்சேல்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், பிரெஞ்சுக்காரன் மாதிரிச் சொன்னால் சிரிக்கிறார்கள். மைல்கணக்கில் வேலி, மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, தூரத்தில் நாலைந்து குதிரைகள். வண்டியை ஓரங்கட்டியதும் நண்பன் கேட்டான்: "மாப்ள, இதை பிளாட் போட்டா ஏக்கருக்கு எவ்வளவு தேறும்?"

சிரித்தேன். ஆனால் அங்கே பிளாட் போட்டுவிட முடியாதபடி சட்டமே இருக்கிறது. நகரம் எதுவரை வளரலாம் என்று 1958இலேயே லெக்சிங்டன் ஒரு கோடு கிழித்தது. அமெரிக்காவில் அப்படிக் கிழித்த முதல் நகரம் அதுதான். அதற்கு வெளியே குறைந்தது 40 ஏக்கர் இல்லாமல் புது மனை பிரிக்கக் கூடாது என்று பின்னர் விதி வந்தது. 2000இலிருந்து விவசாயிகளிடம் 'கட்டடம் கட்டும் உரிமை'யை மட்டும் நகரமே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது. நிலம் விவசாயியிடமே இருக்கும், கட்டடம் மட்டும் என்றைக்கும் வராது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கோட்டுக்குள் வீட்டு விலை ஏறுகிறது, கூலிக்காரருக்கு இடம் கிடைப்பதில்லை என்று அங்கேயே சண்டை நடக்கிறது. பண்ணைகளில் சாணம் அள்ளுபவர்கள் இப்போது பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன்னால் கறுப்பினத்தவர்கள். 1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பர்கள், ஜெயித்தவரும் கறுப்பர். பண்ணைகளை வாங்கி விற்றவர்களின் பட்டியலில் அந்தப் பெயர்கள் வருவதில்லை.

2012இல் கேலுமெட்டை வாங்கிய நிறுவனம் அதை பிராட் கெல்லி என்ற செல்வந்தருக்குக் குத்தகைக்கு விட்டது. சட்டை இப்போது கறுப்பும் பொன்னிறமும். அடுத்த வருடமே ஆக்ஸ்போ என்ற குதிரை பிரீக்னஸை ஜெயித்தது. டிரிபிள் கிரவுன் பந்தயங்களில் 1968க்குப் பிறகு கேலுமெட் பெயருக்குக் கிடைத்த முதல் வெற்றி. பெயரை 2,10,000 கொடுத்துத் தனியாக வாங்கியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரிச் ஸ்டிரைக். கேலுமெட்டில் பிறந்த செந்நிறக் குட்டி, முதல் ஓட்டத்தில் சோபிக்கவில்லை. 2021 செப்டம்பரில் அதை ஒரு 'கிளெய்மிங்' பந்தயத்தில் இறக்கினார்கள். அந்த வகைப் பந்தயத்தில் ஓடும் எந்தக் குதிரையையும், ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே சீட்டு எழுதிப் போட்டவர், குறித்த விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். விலை 30,000 டாலர். யாரோ ஒருவர் சீட்டுப் போட்டிருந்தார். குட்டி பதினேழு குதிரை நீளத்துக்கும் மேல் முன்னால் வந்து ஜெயித்தது, ஜெயித்த கையோடு அவருடன் போய்விட்டது. அடுத்த மே மாதம் கென்டக்கி டெர்பியில் முதல் நாள்தான் அதற்கு இடம் கிடைத்தது, அதுவும் வேறொரு குதிரை விலகியதால். பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு எண்பது கொடுத்தார்கள். ரிச் ஸ்டிரைக் ஜெயித்தது. பரிசு 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர் புது முதலாளிக்கு. பதிவேட்டில் 'வளர்த்தவர்' என்ற இடத்தில் மட்டும் கேலுமெட் பண்ணை என்று எழுதியிருக்கிறது.