மணல் மூட்டையில் தொடங்கின ஒரு கார் வரலாறு

போன மாதம் சிநேகிதன் ஒருத்தன் தன்ர பழைய டி.எக்ஸ். வேகனை 'லோ' பண்ணப் போறன் எண்டு கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எண்பதுகளில் வந்த கார். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங். கையில் காசு குறைவு. கராஜ் பாஸ் காரைச் சுத்திப் பாத்திட்டுச் சொன்னார்: "தம்பி, முன் ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டலாம். பின்னுக்கு கட்டை வைக்கலாம். ஆனா பொலிஸ் மறிச்சா என்னைக் கேக்கக் கூடாது."

அவனுடைய அப்பாவோ, "ஓடுற காரை ஏன்ரா பழுதாக்கிறாய்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த மூன்று பேரின் பேச்சும் எழுபது வருடத்துக்கு முன்னரே கலிபோர்னியாவில் பேசி முடிந்த பேச்சு. காரைத் தாழ்த்துவதை ஒரு பண்பாடாகவே வளர்த்தெடுத்தவர்கள் அங்கிருந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள். சிக்கானோக்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். அவர்களுடைய கார்களுக்கு 'லோரைடர்' என்று பெயர்.

கதையை 1943இலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் ஜூன் மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில், தொளதொள காற்சட்டையும் நீண்ட கோட்டுமாகத் திரிந்த மெக்சிக்க இளைஞர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் கும்பலாகத் துரத்திப் பிடித்தார்கள். அடித்து, உடையை உரிந்து, தெருவில் விட்டார்கள். பொலிஸ் கைதுசெய்தது பெரும்பாலும் அடிவாங்கினவர்களைத்தான். 'ஸூட் சூட் கலவரம்' என்று வரலாற்றில் நிற்பது இதுதான். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உடுத்ததே அவர்கள் செய்த குற்றம்.

யுத்தம் முடிந்த பிறகு இதே சமூகத்துப் பெடியளின் கைக்குப் பழைய செவர்லே கார்கள் மலிவாக வந்து சேர்ந்தன. வெள்ளைக்கார இளைஞர்கள் பலர் பழைய கார்களை வேகத்துக்காக உடைத்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சிக்கானோக்கள் நேரெதிராகப் போனார்கள். பதிவாக, மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி ஓட்டுவதுதான் அவர்களுக்கு அழகு.

இதற்கு முதலில் செலவே இல்லை. டிக்கிக்குள் மணல் மூட்டையோ சீமெந்து மூட்டையோ போட்டால் பின்பக்கம் தானாகப் பதியும். வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கினால் அப்பாவின் கார் பழையபடி நிற்கும். அடுத்தது ஸ்பிரிங் வெட்டுவது. சுருள் குறைந்தால் உயரம் குறையும், ஆனால் மிச்சமிருக்கிற ஸ்பிரிங் முன்னையதை விட இறுக்கமாகிவிடும். ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். சிலர் வெட்டாமல் காஸ் சுவாலையால் சூடாக்கி ஸ்பிரிங்கைப் படிய வைத்தார்கள். இது வெட்டுவதை விட மோசம், ஏனென்றால் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். பிறகு அது எப்போது படுக்கும், எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. லீஃப் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே ஓடுகிற கார்களில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை வைத்தார்கள். அச்சு மேலே ஏற, உடம்பு கீழே இறங்கும். எங்கட பாஸ் சொன்ன அதே கட்டைதான்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1958இல் கலிபோர்னியாவில் ஒரு வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைத்த காரின் எந்தப் பகுதியும் சில்லின் ரிம்மின் அடிவிளிம்பை விடக் கீழே வரக்கூடாது என்பது அதன் சாரம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. டயர் காற்றுப் போனால் கார் ரிம்மில்தான் நிற்கும். அதை விடக் கீழே ஏதாவது தொங்கினால் அது தெருவில் உரசும். ஆனால் ஒரு சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதிக் கதைதான். அதை வைத்து யாரை மறிக்கிறார்கள் என்பதுதான் மிச்சப் பாதி.

மறித்தால் என்ன செய்வது? 1959இல் ரொன் அகீரே என்ற இளைஞர் தன்னுடைய கோர்வெட் காரில் அதற்கு விடை கண்டார். யுத்தத்துக்குப் பிறகு மலிவாகக் கிடைத்த விமான உதிரிப்பாகங்களிலிருந்து ஹைட்ரோலிக் பம்புகளையும் வால்வுகளையும் எடுத்துப் பூட்டினார். சுவிட்சைத் தட்டினால் கார் பதியும். பொலிசைக் கண்டால் இன்னொரு தட்டு, கார் சட்டப்படியான உயரத்துக்கு எழும்பும். இன்றைக்குப் பாட்டு வீடியோக்களில் துள்ளுகிற கார்களைப் பார்க்கிறோமே, அந்தத் துள்ளலின் வேர் இந்தத் தப்பித்தலில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு இந்தப் பண்பாடு வேகமாக வளர்ந்தது. செவர்லே இம்பாலா அவர்களுடைய செல்லக் கார் ஆனது. கிழக்கு லொஸ் ஏஞ்சல்ஸின் விட்டியர் புலெவார்ட் வீதியில் வார இறுதி இரவுகளில் கார்கள் ஊர்வலமாக ஊர்ந்தன. கார்க் கழகங்கள் உருவாகின. 1977இல் சான் ஹொசே நகரத்தில் 'லோரைடர்' சஞ்சிகை தொடங்கியது. சீசர் சாவேஸ் நடத்திய பண்ணைத் தொழிலாளர் இயக்கத்துக்குக் காசு சேர்த்துக் கொடுத்த கழகங்களும் இருந்தன.

மறுபக்கத்தில் தடைகளும் வந்தன. எழுபதுகளின் கடைசியில் விட்டியர் புலெவார்ட்டை பொலிசார் மூடினார்கள். எண்பதுகளில், ஒரே வீதியில் திரும்பத் திரும்பச் சுற்றி ஓடுவதைத் தடைசெய்ய நகரசபைகளுக்கு மாநிலமே அதிகாரம் கொடுத்தது. சான் டியேகோவுக்குப் பக்கத்திலுள்ள நஷனல் சிட்டி 1992இல் அப்படி ஒரு தடை போட்டது. அதை எடுப்பிக்க அந்த ஊர்க்காரருக்கு 2023 வரை பிடித்தது. அதே வருடம் ஒக்டோபரில் மாநில அளவிலும் புதிய சட்டம் கையெழுத்தானது. 2024 ஜனவரி 1 முதல் ஊர்வலத் தடையும் இல்லை, 1958இல் வந்த உயரத் தடையும் இல்லை. அறுபத்தாறு வருடம்!

இதை வாசிக்கிற உங்களுக்கு எங்கட தெருக்கள் ஞாபகம் வந்தால் அது தற்செயல் இல்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் பூட்டியிருந்த மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கினது எல்லாருக்கும் தெரியும். அதில் கழற்ற வேண்டியவையும் இருந்தன. கண்ணைக் குத்துகிற லைட்டை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் ஓட்டோ ஓடுகிறவருக்குத் தன் உழைப்பில் தனக்கெண்டு அலங்கரிக்க இருக்கிற ஒரே இடம் அந்த ஓட்டோதான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆபத்து எது, பிடிக்காதது எது என்று பிரித்துச் சொல்லாத சட்டம் கடைசியில் மறிக்கிறவரின் மனநிலையாகிவிடும்.

சிநேகிதன் ஸ்பிரிங்கை வெட்டவில்லை. கொஞ்சம் காசு சேர்த்து, அளவான கட்டை ஸ்பிரிங்கும் அதுக்கேற்ற ஷொக் அப்சோபரும் வாங்கிப் போடுவம் எண்டு நிக்கிறான். பின்னுக்குக் கட்டை மட்டும் வாங்கி வைத்திருக்கிறான். அவனுடைய அப்பாவிடம் மணல் மூட்டைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப மூட்டையை இறக்கினா கார் பழையபடி வருமோ?"