எல்லிஸ் தீவின் குரல்களும் பல்லிய இசையும்

நியூயோர்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடிவரவு நிலையமாக இயங்கிற்று. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் மக்கள் அதனூடாக அமெரிக்காவுட் புகுந்தனர். பெயர், வயது, தொழில், கைப்பணம் போன்ற விபரங்களாகக் கப்பற் பதிவேட்டின் ஒரு வரியிலேயே அவர்களுட் பெரும்பாலோர் எஞ்சினர். 1970களில் தொடங்கிய வாய்மொழி வரலாற்று முயற்சியே, முதுமையெய்திவிட்ட சிலரது குரலையேனும் ஒலிநாடாவிற் பதிந்து காத்தது.

அப்பதிவுகளைக் கொண்டே இசையமைப்பாளர் பீட்டர் போயர் 'எல்லிஸ் தீவு: அமெரிக்கா எனும் கனவு' என்னும் படைப்பை ஆக்கினார். 2002இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அது அரங்கேறிற்று. 1910க்கும் 1940க்கும் இடையில் வந்திறங்கிய எழுவரின் கூற்றுகளை நடிகர்கள் பேச, பல்லியம் உடன் ஒலிக்கின்றது. கூற்றுகளுக்கிடையே இசை தனித்து நின்று கதையைத் தொடர்கின்றது. எவரும் பாடுவதில்லை. இஃது அற்பமான வேறுபாடன்று. பாட்டாக்கின் சாட்சியின் சொல் கவிஞனின் சொல்லாகிவிடும். இங்கோ, தட்டுத் தடுமாறும் பேச்சு பேச்சாகவே நிற்கின்றது.

பேச்சையும் பல்லியத்தையும் இணைக்கும் மரபு புதிதன்று. 1942இல் ஆரன் கோப்லண்ட் லிங்கனின் சொற்களை இவ்வாறு அமைத்தார். (கோப்லண்டின் பெற்றோரும் குடிவரவாளரே.) ஆயினும் அங்கு பேசியது ஒரு சனாதிபதியின் வாக்கு, இங்கு பேசுவோரை வரலாற்று நூல்கள் அறியா.

எனினும், இசை நடுநிலையானதன்று. பல ஆண்டுகள் கழித்து நினைவுகூரப்பட்டு, பின்னர் சுருக்கப்பட்ட கூற்றுக்கு எவ்விடத்தில் கண்கலங்க வேண்டுமென்பதை நரம்பிசைக் கருவிகள் கேட்போருக்கு முன்கூட்டியே உணர்த்திவிடுகின்றன. முடிவில், எம்மா லாசரஸ் 1883இல் சுதந்திரதேவி சிலைக்காக எழுதிய கவிதை ஒலிக்கின்றது. வறியோரை வரவேற்கும் அக்கவிதை 1903இல் வெண்கலத் தகட்டிற் பொறிக்கப்பட்டது. ஆனால் 1924ஆம் ஆண்டுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைப் பெரிதும் தடுத்தது. எழுவருள் ஒருத்தியான சிசிலியச் சிறுமி 1928இல் வந்தது அச்சட்டத்தின் நிழலிலேயே.

எழுவரும் ஐரோப்பாவிலிருந்து வந்தோர் என்பதும் நோக்கத்தக்கது. அதே 1910 முதல் 1940 வரை, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் மற்றொரு குடிவரவு நிலையம் இயங்கிற்று. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தின் பெயரால் சீனர் அங்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தடுத்துவைக்கப்பட்டனர். ஒலிநாடாவுக்காகக் காத்திராது, தம் துயரை அவர்கள் தடுப்பறையின் மரச்சுவர்களிலேயே கவிதைகளாகச் செதுக்கி வைத்தனர்.