ஜெராய் மலையடியில் ஒரு பழைய துறைமுகம்



சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக வடக்கே பயணம் செய்தவர்கள் இடப்பக்கம் ஒரு தனி மலையைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் வயலும் செம்பனையும் தட்டையாகக் கிடக்க, நடுவில் அது மட்டும் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் பெரும்பாலும் மேகம் படிந்திருக்கும். அதுதான் குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர், ஏறக்குறைய நாலாயிரம் அடி. அந்த மலையின் தென்புறத்து அடிவாரத்தைத்தான் பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். பாம்பைக் குறிக்கும் 'புஜங்கம்' என்ற வடசொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அங்கே ஓடும் ஆற்றின் வளைவுகளைப் பார்த்தால் அது பொருத்தமான பெயர் என்றே தோன்றும். இன்று இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசுவோம்.

பள்ளத்தாக்கு என்றதும் இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடும் ஆழமான ஓடையை நினைத்துக் கொள்ள வேண்டாம். ஜெராய் மலையில் விழும் மழை பல சிற்றாறுகளாக இறங்குகிறது. பூஜாங் ஆறும் சுங்கை பத்துவும் அவற்றில் சில. பாறைகளுக்கிடையே தெளிந்த நீராகத் துள்ளி வரும் இவை, சமவெளியைத் தொட்டதும் வேகம் குறைந்து மெர்போக் ஆற்றில் கலக்கின்றன. மெர்போக் என்பது ஒரு வகைப் புறாவுக்கு மலாய்க்காரர் வைத்த பெயர். கடல் நீர் ஏறி இறங்கும் அகன்ற கழி அது. இரு கரையிலும் சதுப்புநிலக் காடு. வேர்களைக் கால்களைப் போல ஊன்றி நிற்கும் மரங்களுக்கிடையே சேற்றில் நண்டும் மீனும் பெருகுகின்றன. கரையோரக் கம்பத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கழியை நம்பி வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தெற்கே மூடா ஆறு ஓடுகிறது. அதன் முகத்துவாரத்தை அடுத்த சுங்கை மாஸ் என்ற கம்பத்தையும் இன்றைய பேச்சில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இன்று கடற்கரை எங்கோ மேற்கே இருக்கிறது. முற்காலத்தில் அப்படி இல்லை. கடல் இன்னும் உள்ளே வந்து, மலையடிவாரத்துக்கு அருகில் அலை அடித்திருக்கிறது. கெடாவின் பழங்கதை நூலான 'ஹிக்காயாட் மெரோங் மஹாவங்சா' இந்த மலையைப் புலாவ் செராய், அதாவது செராய்த் தீவு, என்று சொல்லிப் பின்னர் அது நிலத்தோடு சேர்ந்த செய்தியையும் கூறுகிறது. கருடன் பறக்கும் அந்தக் கதைநூலை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் இந்த ஒரு செய்தியில் மக்களின் நினைவும் மண் ஆராய்ச்சியும் ஒத்துப் போவது நமக்கு வியப்பாக இருக்கிறது.

இந்த மலைக்கும் நம் முன்னோருக்கும் என்ன தொடர்பு? தமிழகத்துத் துறைகளிலிருந்தும் இலங்கைக்குத் தெற்கிலிருந்தும் நேர்கிழக்கே பாய்மரம் விரித்து வருகிறவன், பல நாள் வெறும் தண்ணீரையே பார்த்துக் கொண்டு வருவான். அவன் கண்ணுக்கு முதலில் படும் பெரிய நில அடையாளங்களில் ஒன்று ஜெராய். வழி தவறவில்லை என்று அவனுக்குச் சொல்லும் கல் அதுதான். கடலில் வந்தவன் உடனே திரும்பிப் போகவும் முடியாது. பாய்மரக் கப்பலை நடத்துவது காற்று. தென்மேற்குக் காற்றில் வந்தவன், வடகிழக்குக் காற்று எழும்வரை சில மாதம் காத்திருக்க வேண்டும். கிழக்கே சீனத்திலிருந்து வந்தவனுக்கும் இதே கதைதான். கி.பி. 671-இல் சீனாவிலிருந்து புறப்பட்ட யீ ஜிங் என்ற பௌத்தத் துறவி, இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிக் கப்பலேறியதாகத் தம் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

காத்திருக்கிறவனுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சோறு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், உடைந்த கப்பலைச் செப்பனிட மரம் வேண்டும், படுக்க இடம் வேண்டும், கும்பிட ஒரு கோயில் வேண்டும். இவையெல்லாம் மெர்போக் கரையில் கிடைத்தன. உள்ளூர் மக்கள் காட்டுப் பொருள்களையும் உலோகத்தையும் கொடுத்தார்கள். வந்தவர்கள் துணி, மணி, பாண்டங்களைக் கொடுத்தார்கள். பெங்காலான் பூஜாங் என்ற இடத்தில் சீனத்துப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. 'பெங்காலான்' என்றால் படகுத்துறை என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும். துறை போன பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தமிழ் நூல்களும் இந்த ஊரை அறிந்திருந்தன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களுள் 'காழகம்' என்ற இடத்துப் பொருளும் சொல்லப்படுகிறது. அதைக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். உரை சங்க காலத்துக்கு மிகப் பிற்பட்டது என்பதால் அதை ஏற்கத் தயங்கும் அறிஞர்களும் உண்டு. சோழர் காலத்துக்கு வந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அக்காலத்தில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் சேர்த்து ஆண்ட அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். பிற்காலத்தில் நெதர்லாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட லைடன் செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. அங்கிருந்து இங்கே வந்து கோயில் கட்டியதை மட்டும் நாம் பேசுகிறோம். இங்கிருந்தும் அங்கே போய்க் கட்டினார்கள்.

அடுத்த தலைமுறையில், 1025-இல், இராசராசன் மகன் இராசேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான். 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்தது. நம் பள்ளிகளில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளின் முகம் மலர்கிறது. எங்களுக்கும் அது மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படையெடுப்பு நடந்தது ஒரு பருவக் காற்றில். இந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் கூடி உழைத்ததோ ஆயிரம் ஆண்டுக்கு மேல். வென்றவனின் பெயரைத் தஞ்சைக் கல்வெட்டு காத்தது. உழைத்தவர்களின் பெயரைக் காக்க எந்தக் கல்லும் இல்லை. அவர்கள் செய்து போட்ட பொருள்களைத்தான் நாம் பார்க்க முடிகிறது.

அப்படிப் பார்க்க வேண்டுமானால் சுங்கை பத்துவுக்குப் போக வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்வாராய்ச்சி செய்தார்கள். மண்ணை விலக்கியபோது இரும்பு உருக்கிய உலைக்களங்கள் வெளிப்பட்டன. உலைக்குள் காற்றை ஊதச் செருகும் சுடுமண் குழாய்கள் ஏராளமாகக் குவிந்து கிடந்தன. கிட்டத்தில் பழைய ஆற்றங்கரையை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள். இரும்பை உருக்கி, அங்கேயே படகில் ஏற்றியிருக்கிறார்கள். இந்தத் தொழில் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே தொடங்கியது என்று அகழ்ந்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பழமை இல்லை என்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். காலம் எதுவானாலும் அந்தக் குழாய்கள் பொய் சொல்லவில்லை. கரி சுட்டவர், துருத்தி மிதித்தவர், கல் சுமந்தவர், செங்கல் அறுத்தவர் என்று ஒரு பெரிய தொழிலாளர் கூட்டம் அங்கே இருந்திருக்கிறது. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பழகிய நம் மக்களுக்கு அந்த வேலையின் சூடு என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

கோயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளூர் மலாய்க்காரர் இவற்றைச் 'சண்டி' என்கிறார்கள். செம்புறைக்கல், செங்கல், கருங்கல், ஆற்றுக் கூழாங்கல் என்று கைக்கு எட்டிய பொருளால் கட்டியவை. தஞ்சைக் கோபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். எஞ்சியிருப்பது பெரும்பாலும் இடுப்பளவு மேடையும், மரத்தூண் நிறுத்திய கல் தளங்களும்தான். கூரையும் தூணும் மரத்தால் ஆனவை ஆதலால் மழையிலும் கறையானிலும் போய்விட்டன. மெர்போக் அருகே உள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில்தான் இவற்றுள் பெயர் பெற்றது. 'உளியால் செதுக்கிய கல் மலை' என்று அந்தப் பெயருக்குப் பொருள். அலஸ்டர் லாம்ப் என்ற ஆய்வாளர் 1959, 1960 ஆண்டுகளில் அதை ஆராய்ந்து மீண்டும் எடுத்துக் கட்டினார். அப்போது அடித்தளத்தில் புதைத்திருந்த கற்பேழைகள் கிடைத்தன. அவற்றுக்குள் சிறு செம்புக் கலயங்களில் பொன்னும் மணியும் இட்டிருந்தார்கள். கோயில் கட்டுமுன் நிலத்தில் நிதி வைப்பது நம்மவரும் அறிந்த வழக்கம்தானே.

இப்பகுதியின் பழமையை வெளியுலகுக்கு முதலில் எழுதியவர் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி. 1830-களில் தொடங்கிப் பல ஆண்டு அவர் இங்கே தேடினார். தெற்கே செபராங் பிறை வட்டாரத்தில் அவர் கண்டெடுத்த ஒரு கல்லில், இரத்தமிருத்திகை என்னும் செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன், தன் பயணம் நலமாக முடிய வேண்டுமென்று வடமொழியில் பொறித்திருக்கிறான். அது ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. பின்னர் 1936, 1937-இல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் துணைவியாரும் காடு வெட்டித் தேடி, முப்பது இடங்கள் வரை கண்டறிந்து எண்ணிட்டார்கள். சில இடங்கள் அப்போதே ரப்பர் தோட்டங்களுக்குள் இருந்தன. சிவ வழிபாட்டின் சின்னங்களும் பௌத்தச் சின்னங்களும் அடுத்தடுத்த இடங்களில் கிடைத்தன. மலைக்கு வடபுறத்தில் புக்கிட் சோராஸ் என்ற குன்றில் 2023, 2024-இல் நடந்த அகழ்வில் பௌத்தக் கட்டடமும் சுதைச் சிற்பங்களும் வெளிவந்தன. தேடல் இன்னும் முடியவில்லை.

இவ்வளவு பெரிய துறை எப்படி அடங்கியது? ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைகளை மேடாக்கியது. 15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா தலையெடுக்க, கப்பல்கள் அங்கே போயின. மக்கள் இசுலாத்தைத் தழுவினார்கள். சண்டிகள் காட்டுக்குள் மறைந்தன. கதைகள் மறையவில்லை. மூடா ஆற்றின் மேற்புறத்து ஊர்களில் ராஜா பெர்சியோங் என்ற கோரைப்பல் அரசன் கதையை இன்றும் சொல்வார்கள். சமையற்காரியின் விரல் அறுபட்டு இரத்தம் கீரைக் கறியில் விழுந்தது. அதைச் சுவைத்த அரசன் மேலும் மேலும் இரத்தம் கேட்கலானான். கடைசியில் மக்கள் எழுந்து அவனை விரட்டினார்கள். ஓடும்போது அவன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பது ஊரார் கூற்று. 'பாலிங்' என்றால் எறிதல். ஆள்கிறவன் இரத்தம் கேட்டால் குடிகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? சொற்களும் மறையவில்லை. மலாய்க்காரர் கப்பலைக் 'காப்பால்' என்கிறார்கள், கடையைக் 'கெடாய்' என்கிறார்கள், பெட்டியைப் 'பெத்தி' என்கிறார்கள். கரையில் காத்திருந்தவர்கள் விட்டுச் சென்ற சாமான்கள் இவையும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். சண்டியின் செங்கல்லை வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்த ஒரு பையன், "சார், எங்க தாத்தா கான் வெட்டுறப்ப இந்த மாதிரி கல்லு நெறைய வந்துச்சாம்" என்றான். அந்தக் கற்களை என்ன செய்தார்கள் என்று கேட்டோம். லயத்து வாசலில் சேறு மிதிக்காமல் இருக்கப் பரப்பி வைத்திருந்தார்களாம். தோட்டம் கைமாறி லயங்களை உடைத்தபோது மண்ணோடு மண்ணாய்த் தள்ளிவிட்டார்களாம். அவன் தாத்தாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அது என்ன கல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தெரிந்த கல்லுக்கே பாதுகாப்பு இல்லை என்பதையும் பார்த்தோம். வேல்ஸ் 11 என்று எண்ணிட்டிருந்த சுங்கை பத்துச் சண்டி, வீடு கட்டுவதற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியே தெரிந்தது 2013 டிசம்பரில். நிலம் தனியாருடையது, இடம் மரபுச் சின்னமாகப் பதிவாகவில்லை என்றார்கள். பல நூற்றாண்டு மழைக்கு நின்ற கல், இயந்திரத்துக்கு நிற்கவில்லை. இப்போது பேசி என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். மற்ற இடங்கள் இன்னும் இருக்கின்றனவே என்பதுதான் எங்கள் பதில்.

அந்தப் பகுதித் தோட்டங்களில் இருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கான் வெட்டும்போதோ கன்று நடும்போதோ நம் காலத்துச் செங்கல்லைப் போல இல்லாத கல்லோ, சுட்ட மண் குழாயோ, பீங்கான் துண்டோ கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இடத்தை விட்டு எடுத்தால் அது வெறும் கல். எந்தக் காட்டில், எத்தனையாவது நிரையில், எவ்வளவு ஆழத்தில் என்று ஒரு தாளில் குறித்து, பிள்ளை படிக்கும் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். மெர்போக்கில் உள்ள தொல்பொருள் காட்சிசாலைக்கு அவர் தெரிவித்துவிடுவார். அந்தக் காட்சிசாலைக்குப் பிள்ளைகளையும் ஒரு விடுமுறையில் அழைத்துப் போங்கள். உள்ளே பிற இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த சண்டிகளும் உண்டு. அங்கிருந்து படியேறினால் புக்கிட் பத்து பஹாட் கோயில். பக்கத்திலேயே ஓடை. கோயில் கட்டியவர்கள் கல் எடுத்த ஓடை அதுவாகத்தான் இருக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விட்டால், மேகம் கலைந்த ஜெராயையும் நன்றாகப் பார்க்கலாம்.