கடல்நீரைக் குடிநீராக்கியவர்கள் கொடுத்த விலை

கடந்த வரட்சியில் நம் ஊர்க் கிணறுகள் உவர்த்துப்போன நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் இருந்தபோது ஒருவர் கேட்டார்: "கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்காமல் பவுசருக்கு ஏன் வரிசையில் நிற்கிறோம்?" நியாயமான கேள்வி. இதே கேள்வியை நமக்கு முன்னரே கேட்டு, விடையும் கண்ட ஊர்கள் இருக்கின்றன. அவை கொடுத்த விலையைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வருவோம்.

முதலில் ஜித்தா. நம் மூத்தவர்கள் ஹஜ்ஜுக்குக் கப்பலேறிப் போய் இறங்கிய துறைமுகம். அங்கே ஆறு இல்லை, குளம் இல்லை. 1907 இல் உஸ்மானியர் ஆட்சியில், கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரச் செய்யும் இயந்திரம் அங்கே நிறுவப்பட்டது. 'கண்டென்சர்' என்ற சொல் அந்த ஊர் மக்களின் வாயில் 'கிந்தாஸா' ஆயிற்று. அது நிலக்கரியில் ஓடியது. கரி வந்தால்தான் தண்ணீர். 1928 இல் மன்னர் அப்துல் அஸீஸ் காலத்தில் புதிதாக இரண்டு இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கும் எரிபொருள் வேண்டியிருந்தது.

ஏன் அவ்வளவு எரிபொருள்? கரண்ட் பில்லில் வரும் யூனிட்டிலேயே கணக்குப் பார்ப்போம். ஒரு கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. ஒரு சாதாரண வீட்டின் பல மாதப் பாவனை அது.

அடுத்தது குவைத். ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பல்களில் குடிநீர் கொண்டுவந்த ஊர். எண்ணெய்ப் பணம் வந்த பின், 1953 இல் அங்கே பெரிய வடிப்பு நிலையம் திறக்கப்பட்டது. 1957 இல் ஸ்கொட்லாந்தின் ரொபர்ட் சில்வர் என்ற பொறியியலாளர் புதிய முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சூடான கடல்நீரை அழுத்தம் படிப்படியாகக் குறையும் பல அறைகளினூடாகச் செலுத்துவது அந்த முறை. ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவி குளிரும்போது விடும் வெப்பம் வீணாகாமல், உள்ளே வரும் கடல்நீரைச் சூடாக்கும். ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், தேவை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வளைகுடாவுக்கு உழைக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் பல வருடங்களாக அங்கே குழாயில் பிடித்த தண்ணீர் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். ஆனாலும் அது எண்ணெயும் எரிவாயுவும் மலிவான நாடுகளுக்கே கட்டுப்படியானது.

கொதிக்கவைக்காமலே உப்பை நீக்க முடியாதா? 1959 அளவில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்பவரும் இதற்கு வழி கண்டார்கள். தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்றை உருவாக்கினார்கள். 1965 இல் கொலிங்கா என்ற சிற்றூர் அந்த முறையில் உவர்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தொடங்கியது. இன்று நாம் 'ஆர்.ஓ. தண்ணீர்' என்று கலனில் வாங்குவது அதே முறையில் கிடைப்பதுதான்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் வருகிறது. சவ்வினூடாகத் தண்ணீரைத் தள்ள அழுத்தம் வேண்டும். உப்பு கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டும். கிணற்று உவர்நீருக்கு 10 முதல் 20 பார் வரை போதும். கடல்நீருக்கோ 55 முதல் 70 பார் வரை வேண்டும். அதனால் 1970களில் ஒரு கனமீற்றர் கடல்நீருக்கு 15 யூனிட் அளவில் செலவானது. உள்ளே தள்ளிய நீரில் பாதிக்கு மேல் உப்புக் கழிவாக வெளியேறியது. அதோடு சேர்ந்து அழுத்தமும் வீணாய்ப் போனது. பின்னர் அந்தக் கழிவுநீரைக் கொண்டே டர்பைனைச் சுழற்றினார்கள். நோர்வே நாட்டவரான லீஃப் ஹௌகே, கழிவுநீரின் அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு நேரடியாக மாற்றும் கருவியை உருவாக்கினார். சவ்வுகளும் திருந்தின. இன்று நல்ல நிலையங்களில் 3 முதல் 4 யூனிட் வரைதான் செலவு. கிந்தாஸா ஓடிய அதே சவூதியில், 2021 இல் ஒரு நிலையம் 2.27 யூனிட்டில் உலக சாதனை படைத்தது.

இன்னும் குறையுமா? கொஞ்சம் குறையலாம். ஆனால் கடல்நீரில் பாதியை நன்னீராக எடுக்க, எந்த இயந்திரமானாலும் கனமீற்றருக்கு 1 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவழித்தே ஆகவேண்டும். அது இயற்கை வைத்த எல்லை.

நம் அயல்நாடான மாலைதீவின் கதையும் மறக்க முடியாதது. தலைநகர் மாலே முழுவதும் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பர் 4 ஆம் திகதி அந்த நீர் நிலையத்தில் தீப்பிடித்தது. நிலையம் நின்றது, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரின் குழாய்கள் வரண்டன. இந்தியாவும் நம் நாடும் விமானத்தில் தண்ணீர் அனுப்பின. சுற்றிவரக் கடல், குடிக்கச் சொட்டு இல்லை.

நம் நாட்டிலும் 2024 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் தாளையடியில் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. கனமீற்றருக்கு 3 யூனிட் என்று குறைத்து வைத்தாலும், முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 யூனிட். வேறு வழியற்ற மக்களுக்கு அது பெரும் உதவி; அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த யூனிட்டுக்கான காசை யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும். மஹல்லாவின் சின்ன ஆர்.ஓ. இயந்திரத்துக்கு வரும் பில்லையே நாம் சந்தா சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

இப்போது திண்ணைக் கேள்விக்கு வருவோம். நம் மணல் நிலத்தின் கீழே நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், கீழுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறும். இரவு பகலாக மோட்டார் ஓடும்போது நாமே நம் கிணற்றைக் கடலாக்குகிறோம். கிணறு எவ்வளவு உவர்க்கிறதோ, நாளை இயந்திரத்துக்கு அவ்வளவு அழுத்தம் வேண்டும். பில்லும் அவ்வளவு ஏறும்.

ஆகவே கடலைப் பார்க்குமுன் கிணற்றைப் பார்ப்போம். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்போம். கூரை மழைநீரை நிலத்துக்குள் விடுவோம். ஆர்.ஓ. கழிவுநீரைக் கிணற்றடியில் ஊற்றாதிருப்போம். வுழூ செய்யும் இடத்தில் குழாயை மெல்லத் திறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். ஜித்தா மக்களுக்குக் குறைவாகவே வாய்த்த நன்னீர் நம் காலடியில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற இந்த மழைக்காலம் வருமுன் மஹல்லாவில் ஒருமுறை கூடிப் பேசுவோமா? உங்கள் கிணற்றின் நிலையைக் கீழே எழுதுங்கள்.